பிரித்துப் பார்க்காத கட்டு

மாப்பிள்ளை அவர்களே,

இன்று காலை டேனரி ஷாப்பில் ஒரு ஆட்டுத்தோல் கட்டு வந்து இறங்கியது. கலவை ஊர்ப் பக்கத்துச் சரக்கு. உப்பும் கொழுப்பும் ஈரச் சாக்கும் கலந்து எழும்பும் அந்த வாசனை உமக்குத் தெரியும். முதல் தடவை எங்கள் டேனரிக்கு வந்தபோது கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "பரவால்ல மச்சான், பழகிடும்" என்று பொய் சொன்னவர்தானே நீர். உம் வாழ்நாளில் நீர் சொன்ன ஒரே பொய் அதுதான் என்று நினைக்கிறேன். அதிலும் கெட்டிக்காரத்தனம் இல்லை.

கட்டின் மேலே கிடந்த தோல் புதுமாப்பிள்ளையின் சட்டை மாதிரி பளபளத்தது. நான் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் கை வழக்கம்போல மடிப்புகளுக்குள் புகுந்து நடுவுக்குப் போனது. அங்கே, சில்லென்ற ஈரத் தோலுக்கு நடுவே, உம் முகம் வந்து நின்றது. வந்த கோபத்தில் முதல் தரச் சரக்கைத் தூக்கி மூன்றாம் தரத்தில் எறிந்தேன்.

"இன்னா மேஸ்திரி, காலைல யார் மூஞ்சில முழிச்சீங்க?" என்றான் கலவை வியாபாரி.

"என் தங்கச்சியோட செத்துப்போன வூட்டுக்காரர் மூஞ்சில" என்றேன். அவன் அதற்கப்புறம் விலை பேசவில்லை.

கோபத்துக்குக் காரணம் உண்டு. இன்று மதியம் தாலுகா ஆபீசில் உம்முடைய முள்ளுக்கரட்டுக்கு, நீர் காப்பாற்றி வைத்த அந்த முள் மண்டிய பாறைக் குன்றுக்கு, விசாரணை. தோல் கழிவின் உப்புச் சேற்றைக் கொட்டிக் காயவைக்க அந்த இடம் வேண்டுமாம். கேட்பவர்களில் என் முதலாளியும் ஒருவர். அந்த இடத்தைத் தொடக்கூடாது என்று அன்றைக்கு எழுதிக் கொடுத்த தாளில் இரண்டு கையெழுத்துகள். ஒருவர் நீர், பாகாயம் கல்லறையில் நிம்மதியாகப் படுத்திருக்கிறீர். மற்றவன் நான். ஆகவே, ஆம்பூர் வட்டாரத்திலேயே அந்தக் கரட்டை அதிகம் வெறுத்த மனிதனைக் கூப்பிட்டு, "அங்கே இன்னா இருக்கு, ஏன் காப்பாத்தணும், சொல்லு" என்று கேட்கிறார்கள். கர்த்தருக்கு இப்படியும் ஒரு தமாஷ்.

என்ன சொன்னேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால், பாதியில் நீர் விட்டுவிட்டுப் போன சண்டையை நான் முடிக்க வேண்டும். எதிராளி எழுந்து போய்விட்டால் சண்டை முடிந்துவிட்டது என்று சட்டம் ஒன்றும் இல்லை.

நீர் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்த அன்றே நான் எச்சரிக்கை ஆகியிருக்க வேண்டும். ஜெபம் முடிந்து பஜ்ஜி வைத்தார்கள். மாப்பிள்ளை கல்லூரியில் விலங்கியல் வாத்தியார் என்றதும், பேச்சு வளரட்டும் என்று கேட்டேன்: "நம்ம ஜில்லாவுல எத்தனை வகைத் தவளை இருக்கும் மாப்ளே?"

"தெரியாதுங்க" என்றீர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விலங்கியல் வாத்தியாருக்குத் தவளை தெரியாது என்றால், என் தங்கையை எதை நம்பிக் கொடுப்பது? "எங்க வூட்டுக் கெணத்துல மட்டும் நாப்பது வகை இருக்கு" என்றேன். சபைக்கு ஒரு கௌரவம் வேண்டாமா. வேறு யாராக இருந்தாலும் சிரித்துவிட்டு அடுத்த பஜ்ஜியை எடுத்திருப்பார்கள். நீர் தட்டை வைத்துவிட்டு எழுந்து, "பாக்கலாமா?" என்றீர். மாப்பிள்ளைச் சட்டையோடு கிணற்றுக் கட்டையில் கவிழ்ந்து, பஜ்ஜி ஆறி, காப்பி ஆறி, என் தங்கை உடுத்தியிருந்த பட்டே கசங்கிப் போகும்வரை எட்டிப் பார்த்தீர். திரும்பி வந்து சொன்னீர்: "ரெண்டு வகை தெரியுது. மிச்சம் முப்பத்தெட்டு இல்லன்னு சொல்ல மாட்டேன். இன்னைக்கு வெளிய வரல."

எங்கள் வீட்டார் அதைப் பணிவு என்று நினைத்தார்கள். அது பணிவு இல்லை, மாப்பிள்ளை. மலையைப் பெயர்த்து எடுத்துவந்து கண்முன் வைத்தாலும் எடை தெரியாது என்று சொல்லும் அகங்காரம். உலகத்தில் பொய்யனோடு குடித்தனம் நடத்தலாம், குடிகாரனோடு நடத்தலாம். எதைக் கேட்டாலும் உண்மையாகவே தெரியாது என்று சொல்கிறவனோடு ஒரு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட முடியாது.

இனி கொக்கேரி. அந்தப் பெயரை எழுதும்போதே பேனா நிற்கிறது.

பாலாற்றுக்கும் மலைக்கும் நடுவே கிடந்த அந்த ஏரியை உமக்கு முதன்முதலில் காட்டியவன் நான். கார்த்திகை பிறந்துவிட்டால் அங்கே நத்தைகுத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் கூழைக்கடாவும் வந்து இறங்கும். இறங்கும்போது வானம் இருண்டு, மழை வருகிறதென்று நாட்றம்பள்ளி வரைக்கும் பெண்கள் காயப்போட்ட மிளகாயை அள்ளுவார்கள். அவை ஒரே நேரத்தில் சிறகடித்தால் எங்கள் ஷாப்பில் தொங்கும் தோல் எல்லாம் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். வாரம் முழுக்கச் செத்த விலங்கின் தோலைத் தடவுகிற என் கைக்கு, ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து சைக்கிளை மிதித்துப் போய் அந்தக் கரையில் உட்கார்ந்தால்தான் ரத்தம் ஓடும். உயிரோடு இருக்கும் ஒன்று இத்தனை திரளாக, இத்தனை சத்தமாக இருக்க முடியும் என்று எனக்குக் காட்டியது அந்த ஏரி. அதற்காகவே 'இயற்கை நேசர் சபை' ஆரம்பித்தேன். தலைவர், செயலாளர், பொதுக்குழு, கைதட்டும் கூட்டம் எல்லாம் நானே. நீர் என் தங்கையைக் கட்டிய காரணத்தால் உறுப்பினர் ஆனீர்.

எங்கள் தொழில் ஆவாரம்பட்டையை விட்டு குரோமுக்கு மாறிய காலம் அது. பட்டை போட்டுப் பதனிட்டவரை முதலாளிமார்களே ஆவாரங்காட்டைக் காப்பாற்றினார்கள், அது அவர்களுக்குச் சோறு. குரோம் வந்ததும் அது வெறும் தரிசு ஆயிற்று. கழிவுத் தண்ணீரோ ஜாஸ்தி ஆயிற்று. ஏரியிலிருந்து மலையடிவாரம் வரைக்கும் மொத்தப் புறம்போக்கையும் கழிவுக்குக் கேட்டார்கள்.

அப்போதிருந்த சப் கலெக்டர் நல்ல மனிதர். ஜீப்பை ஏரிக்கரையில் நிறுத்தி நம் இருவரையும் கூப்பிட்டார்.

"முழுசா மறுக்க என்னால முடியாது. ஏரி அளவுக்கு ஒரு பங்கு இடத்தை மட்டும் தள்ளி வைக்கலாம். எந்த இடம்னு நீங்க எழுதிக் குடுங்க. எனக்கு மாத்தல் ஆர்டர் வந்தாச்சு, வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும். பறவைக் கணக்கு, செடிக் கணக்கு ஏதாவது இருக்கா?"

"ஒரு லட்சம் பறவை சார்" என்றேன். "கம்மியாதான் சொல்றேன்."

அவர் உம்மைப் பார்த்தார்.

"எண்ணினது இல்ல சார்" என்றீர். "இந்தப் பக்கம் எந்த உயிரையும் யாரும் எண்ணினது இல்ல. வன இலாகாவுல மரத்துக்கு மட்டும் ஏதோ வெச்சிருக்காங்க. அதுவும் வெட்டறதுக்கு."

உம் காலை மிதித்தேன்.

"மச்சான், கால்" என்றீர், சப் கலெக்டருக்குக் கேட்கும்படி.

படித்தவர்கள் எல்லோரும் செய்வதுபோல, ஆய்வுக்கு இன்னும் சில வருஷம் தேவை என்று எழுதிவிட்டு ஒதுங்கியிருந்தால் அன்றோடு உம்மை மன்னித்திருப்பேன். கோழை என்று ஒரு பெயர் வைத்து முடித்திருப்பேன். நீர் அதைச் செய்யவில்லை. ஜீப் போனதும் ஏரிக்கரையிலேயே சொன்னீர்: "தெரியாதுன்னு சொல்றது பாதி வேலை மச்சான். தெரியாம இருந்துகிட்டே இன்னா செய்யறதுன்னு பாக்கறதுதான் மிச்ச பாதி. வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கு."

அந்த வாரம் என்னை அந்தப் பூமி முழுக்க இழுத்தடித்தீர். என் வேட்டியில் ஏறிய முள்ளை எடுத்து அடுக்கினால் ஜோலார்பேட்டை வரைக்கும் இரட்டைத் தண்டவாளம் போடலாம். எதிர்ப்பட்டவரை எல்லாம் நிறுத்தி, இங்கே என்ன பார்த்தீர்கள் என்று கேட்டீர். ஆடு மேய்க்கிறவர் பாம்பைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை. விறகு பொறுக்கும் அம்மாள், "ஒண்ணும் இல்ல சாமி, வெறும் காடு" என்றாள். நாட்டுமருந்துக்காரர் சொன்ன செடிகளின் பெயர்களில் பாதியை அவரே அப்போதுதான் கண்டுபிடித்தார். அவனவன் பயந்ததையும் தின்றதையும் விற்றதையும்தான் சொல்கிறான் என்று நான் சிரித்தேன். "ஆமா, அதையும் சேத்துக்கணும். நம்பிடக்கூடாது, தள்ளிடவும் கூடாது" என்றீர். அப்புறம் குனிந்து மண்ணை அள்ளினீர். ஏரியோரம் கறுப்பு வண்டல். ஆவாரங்காட்டில் சிவப்புச் சரளை. மழைக்கு மட்டும் ஓடும் கானாற்றுப் பள்ளத்தில் நிழலும் ஈர மணலும். கரட்டு உச்சியில் வெறும் பாறை. ஆளுக்குத் தெரியாவிட்டாலும் மண் தன்னை மறைக்காது என்று ஏதோ முணுமுணுத்தீர். எனக்குச் சந்தேகம் வரவில்லை. கொக்கேரி இருக்கும்போது வேறு எதை எழுதப் போகிறார் என்று நிம்மதியாக இருந்தேன்.

புதன்கிழமை முதல் தடவையாக டேனரிக்கு வந்தீர். கைக்குட்டை, மூக்கு, பொய். நான் ஒரு கட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

"எல்லாத் தோலையும் பிரிச்சுப் பாத்துதான் வாங்குவீங்களா மச்சான்?"

அந்தக் கேள்வியில் விஷம் இருந்தது எனக்கு எப்படித் தெரியும். தொழிலைப் பற்றி ஒருவன் கேட்டுவிட்டால் நான் சக்கரவர்த்தி. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து பிரசங்கம் செய்தேன்: "ஒவ்வொண்ணா பிரிச்சா மண்டி சாத்திடுவாங்க மாப்ளே. மேல பளபளன்னு கெடக்கறதைப் பாத்து வாங்கறவன் மண்ணைத் தின்பான். விக்கறவன் நல்லதைத்தான் மேல வெப்பான். மேல ஒண்ணு, நடுவுல ஒண்ணு, அடில ஒண்ணு, ஓரத்துல ஒண்ணு. எடத்துக்கு ஒண்ணு கையை வுட்டு உருவணும். அம்மைத் தழும்பு எங்க இருக்கும், உண்ணி கடிச்ச ஓட்டை எங்க இருக்கும்னு எனக்கு இன்னா தெரியும்? தெரியாததாலதான் எல்லா எடத்துலயும் கை வுடறேன்."

"எடத்துக்கு ஒண்ணு" என்று திருப்பிச் சொன்னீர். "ரொம்ப தேங்க்ஸ் மச்சான்."

நானும் பெருந்தன்மையோடு உமக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். என் கழுத்தை அறுக்கக் கத்தியைத் தீட்டிக் கொடுத்து, கூடவே டீயும் வாங்கிக் கொடுத்த மனிதன் சரித்திரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

வெள்ளிக்கிழமை சப் கலெக்டர் மேஜையில் தாளை வைத்தீர். கொக்கேரி முழுசாக இல்லை. அதன் மேற்குக் கரையில் ஒரு துண்டு, கானாற்றுப் பள்ளம் நெடுக ஒரு பட்டை, ஆவாரமும் முள்ளும் மண்டிய கரட்டுச் சரிவு, அதன் உச்சிப் பாறை. நாலையும் கானாறு ஒரு நூல் மாதிரி கோத்துக்கொண்டு போனது. ஏரியின் மற்ற மூன்று பக்கத்தையும் கழிவுக்கு விட்டுவிட்டீர்.

தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன், அப்படியும் ஏரி வரவில்லை.

சப் கலெக்டரே கேட்டார்: "இவ்வளவு பறவை இருக்கற ஏரியை விட்டுட்டு முள்ளுக்காட்டைக் கேக்கறீங்களே?"

"பறவை நம்ம கண்ணுக்குத் தெரியுது சார், அதனால ஜாஸ்தியா தெரியுது" என்றீர். "அதுக்கு இறக்கை இருக்கு. வேற ஏரி இருந்தா போகும். கானாத்துப் பள்ளத்துல இருக்கறது நடந்து எங்கயும் போகாது. பாறை மேல மொளைக்கறது வண்டல்ல மொளைக்காது. எது எங்க இருக்குன்னு தெரியாதப்ப எடத்துக்கு ஒண்ணு வெச்சிக்கலாம். திரும்பி வராதது முதல்ல. தண்ணியைப் பின்னால யாராவது சுத்தம் பண்ணலாம். உடைச்ச பாறையை ஒட்ட முடியாது." அப்புறம் என் பக்கம் கையை நீட்டினீர். "இது என் யோசனை இல்ல சார். மச்சான் தொழில் வழக்கம். கட்டுல மேல் தோலை மட்டும் பாத்து முடிவு பண்ணக்கூடாதுன்னு அவர்தான் சொன்னாரு. ஏரி மேல் தோலு."

சப் கலெக்டர் என்னிடம் திரும்பினார். "அப்படியா? உங்க தொழில்ல அப்படித்தானா?"

அந்த அறையில் அன்று என் முதலாளியும் உட்கார்ந்திருந்தார். இல்லை என்று சொன்னால், மேல் தோலைப் பார்த்து வாங்குகிற மடையன் நான் என்று முதலாளி முன்னால் ஒப்புக்கொள்வதாகும். ஆமாம் என்றால் என் ஏரி போயிற்று.

"அப்படித்தான் சார்" என்றேன். தாளை என் பக்கம் தள்ளினார்கள். போட்டேன். அந்தக் கையெழுத்தின் கடைசி இழுப்பில் தாள் கிழிந்திருக்கும், இன்றைக்கும் பார்க்கலாம்.

அடுத்த மழைக்கு அப்புறம் போய்ப் பார்த்தேன். தண்ணீர் நீலமும் இல்லாமல் பச்சையும் இல்லாமல், நுரை கட்டிக்கொண்டு, நம் ஷாப் வாய்க்கால் எப்படி நாறுமோ அப்படி நாறியது. நத்தைகுத்திகள் வந்தன. மேலே சுற்றின. நீர் ஒதுக்கி வைத்த துண்டுக் கரையில் சில இறங்கி, நின்று, யோசித்து, எழும்பிவிட்டன. கொஞ்ச நேரத்தில் வானம் காலி. இதில் நான் ஒரு எழுத்துக்கூட மிகைப்படுத்தவில்லை. மிகைப்படுத்த அங்கே எதுவும் மிச்சம் இல்லை.

அப்படியே பஸ் பிடித்து பாகாயம் வந்து உம் வீட்டு கேட்டுக்கு வெளியே நின்றேன். உள்ளே வரச் சொன்னீர். வரவில்லை.

"இறக்கை இருக்கறது எல்லாம் போய்டுச்சு மாப்ளே. சந்தோஷமா?"

நீர் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டீர். "போற எடம் ஒண்ணு இருந்தா பரவால்ல மச்சான்" என்றீர். "இருக்குமான்னு தெரியல."

ஒரு மன்னிப்பு கேட்டிருக்கலாம். இல்லை, நான் செய்ததுதான் சரி என்று சட்டையைப் பிடித்திருக்கலாம். இரண்டில் எதைச் செய்திருந்தாலும் நான் உள்ளே வந்து டீ குடித்திருப்பேன். அந்தப் பாழாய்ப்போன 'தெரியல'வை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் யாரோடுதான் சண்டை போடுவது?

அதற்கப்புறம் ஒவ்வொரு கிறிஸ்துமஸும் போர்க்களம். மாசாமாசம் உம் நாலு துண்டுகளையும் சுற்றிவிட்டு முழங்கால் கீறலோடு வருவீர். உம் பிள்ளைகளிடம், "உங்க அப்பா ஊருக்கே முள் வளக்கறாரு, பெரிய உத்தியோகம்" என்பேன். அதுகள் சிரிக்கும். நீரும் சிரிப்பீர். அது இன்னும் எரியும்.

"இன்னா மாப்ளே, புலி கெடச்சுதா?"

"இன்னும் ஒண்ணும் சொல்ற மாதிரி இல்ல மச்சான். கானாத்துல ஒரு தவளை பாத்தேன். பேர் தெரியல."

"பேர் தெரியாத தவளைக்குத்தான் என் நாரையைக் குடுத்தீங்களா?"

"அண்ணா" என்று என் தங்கை கரண்டியோடு வருவாள். ஆஸ்பத்திரியில் ஒரு வார்டையே அடக்குகிற நர்ஸ், நம் இருவரை அடக்க முடியாமல் திண்டாடினாள். "பிரியாணி ஆறுது. ஏரி பேசறதா இருந்தா ரெண்டு பேரும் தெருவுக்குப் போங்க. சும்மா பேஜார் பண்ணாதீங்க."

அப்படித் தெருவில் நின்று எத்தனையோ தடவை சண்டை போட்டோம். போன கோடையில் உமக்கு மஞ்சள் காமாலை வந்தது. கண் இரண்டும் ஆவாரம்பூ நிறத்தில் இருந்தன. அதைச் சொல்லிச் சிரிக்கத்தான் வந்தேன், சொல்ல முடியவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "இப்பவாச்சும் சொல்லிடுங்க மாப்ளே. ஏரியைத்தான் வெச்சிருக்கணும்னு. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றேன்.

மரணப் படுக்கையில் மனிதர்கள் இரக்கம் காட்டுவார்கள் என்று கேள்வி. நீர் கண்ணை மூடி, நிஜமாகவே யோசித்துப் பார்த்தீர். "தெரியாது மச்சான்" என்றீர். உதட்டில் ஒரு சிரிப்பு. மறுபடி கேட்கலாம் என்று மறுநாள் வந்தேன். படுக்கையை மடித்து வைத்திருந்தார்கள்.

இதற்குப் பெயர் என்ன? விளையாட்டில் தோற்கப் போகிறவன் பந்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவதற்கு என்ன பெயரோ அதே பெயர்தான்.

சரி. இன்று மதியம்.

வழி நெடுக ஒரு பொய்யை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன். உம் கரட்டில் சிறுத்தை ஒன்று குட்டி போட்டிருக்கிறது. பாறை இடுக்கில், விழுங்கிய ஆடு உள்ளேயே கத்தும் அளவுக்கு ஒரு மலைப்பாம்பு. புற்றுநோயைத் தீர்க்கும் மூலிகை ஒன்று, அதைத் தேடி சீமையிலிருந்து ஆள் வரப்போகிறது. உமக்காக அல்ல. என் கையெழுத்து இருக்கிற இடத்தில் கழிவுச் சேறு விழுந்தால் எனக்கு அவமானம், அவ்வளவுதான்.

தாசில்தார் கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்டார்: "நேத்து ஆள் அனுப்பிப் பாத்தேன். முள்ளும் ஓணானும்தான் கெடக்குதாம். பறவைகூட இல்ல. இதுல இன்னாதான் இருக்குன்னு தள்ளி வெச்சீங்க?"

"இவரு நம்ம ஆளுதான் சார், கரெக்டா சொல்லுவாரு" என்றார் பக்கத்தில் இருந்த என் முதலாளி பாய். நான் எந்தப் பக்கம் பேச வேண்டும் என்பது அந்தச் சிரிப்பில் இருந்தது. நாளைக்கு ஷாப்பில் எனக்கு நாற்காலி இருக்குமா என்பதும் இருந்தது.

வாயைத் திறந்தேன். சிறுத்தை தொண்டைக்குழி வரைக்கும் வந்து உறுமிற்று. அங்கேதான் எனக்கு உறைத்தது. சிறுத்தை என்றால் தேடுவார்கள். நாலு ஆள் தடியோடு போய், இல்லை என்று ஒரே நாளில் எழுதிக்கொண்டு வந்துவிடுவார்கள். மூலிகையைக் கொண்டுவா என்பார்கள். ஒரு லட்சம் பறவையே ஒரு மழையில் ஒன்றும் இல்லாமல் போயிற்று, என் பாம்பு எத்தனை நாளைக்கு? ஆனால் தெரியாது என்று ஒருவன் சொன்னால், அதைப் பொய் என்று எவன் நிரூபிப்பான்? இத்தனை வருஷம் நீர் என்னை அடித்த ஆயுதம் அது. அதற்குப் பிடி எந்தப் பக்கம் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

"தெரியாது சார்" என்றேன்.

"தெரியாதா? அப்ப குடுத்துடலாமே."

"யாரும் இன்னும் பிரிச்சுப் பாக்கல சார். பிரிச்சுப் பாக்காத கட்டை எங்க தொழில்ல முடி கழிக்கற சுண்ணாம்புக் குழில தூக்கிப் போட மாட்டோம். உள்ள இருக்கறது போனா போனதுதான். நான் சொல்லணும்னு இல்ல, பாய் மூணு தலைமுறைத் தோல்காரரு. அவரையே கேளுங்க."

தாசில்தார் பாயைப் பார்த்தார். கூட வந்திருந்த டேனரி முதலாளிகள் சங்கத்து ஆட்கள் எல்லோரும் பாயைப் பார்த்தார்கள். மாட்டேன் என்று சொன்னால் நிலம் போச்சு. போடுவேன் என்று சொன்னால் ஆம்பூரிலிருந்து பெரியமேடு தோல் மண்டி வரைக்கும் நாளை காலை சிரிப்பார்கள். அந்த முகத்தை எனக்குத் தெரியும் மாப்பிள்ளை. சப் கலெக்டர் மேஜைக்கு முன்னால் அதே முகத்தை நான் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன்.

"அது... போட மாட்டோம்தான்" என்றார் பாய்.

"அப்ப யாராவது படிச்சவங்க பாத்துச் சொல்ற வரைக்கும் கெடக்கட்டும்" என்று தாசில்தார் ஃபைல் கட்டை மூடினார். எத்தனை நாளைக்கோ. அடுத்த தாசில்தார் வரைக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

வாசலில் செருப்பைத் தேடும்போது பாய் பக்கத்தில் வந்தார். "இன்னா மேஸ்திரி, என் வாயாலயே என்னை அடிச்சிட்டியே."

"வலிக்கும் பாய்" என்றேன். "எனக்கு இத்தனை வருஷமா வலிக்குது."

அவர் புரியாமல் பார்த்துவிட்டு காரில் ஏறினார். நாளை நாற்காலி உண்டா என்று சொல்லவில்லை.

சாயங்காலம் சைக்கிளில் கரட்டுக்குப் போனேன். கொக்கேரிக் கரை வழியாகத்தான் போக வேண்டும், அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பாமல் போனேன். உம் சரிவில் ஏறி நின்றேன். முள். சரளை. ஒரு ஓணான் என்னைத் தாசில்தார் மாதிரி பார்த்துக் கொட்டாவி விட்டது. கானாற்றுப் பள்ளத்தில் ஏதோ கத்திக்கொண்டிருந்தது. தவளையோ, பூச்சியோ. குனிந்து ரொம்ப நேரம் பார்த்தேன். வெளியே வரவில்லை. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

இதுதான் நீர் எனக்கு வைத்துவிட்டுப் போன சொத்து. என் ஏரியைக் கொடுத்து வாங்கிய, என்ன இருக்கிறதென்றே தெரியாத ஒரு முள்ளுக்காட்டுக்கு நான் காவல். படித்தவர்கள் யாராவது வந்து பார்க்கும்வரை மாசாமாசம் நான் போக வேண்டும், வேறு யார் போவார்கள்? வேலை போனால் வாராவாரமே போகலாம்.

வீட்டுக்கு வந்ததும், பாகாயத்திலிருந்து வந்திருந்த என் தங்கை வேட்டியிலிருந்து முள்ளைப் பிடுங்கிப் போட்டாள். தாலுகா ஆபீசில் நடந்ததை அதற்குள் யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். ஆபீஸ் உத்தரவைவிட வேகமாக ஓடுவது நம் ஊரில் வம்பு ஒன்றுதான்.

"அவரை மன்னிச்சிட்டியாண்ணா?" என்றாள், முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்தக் கரட்டில் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. நாரைகள் எங்கே போயின என்று தெரியாது. நீர் செய்தது சரியா தவறா என்று உம்மைப் போலவே எனக்கும் தெரியாது. அவள் கேட்ட அந்த ஒன்றுக்கு மட்டும் யோசிக்காமல் பதில் சொன்னேன், மாப்பிள்ளை.

இல்லை.